ஐபி டிப்ளமோவின் மதிப்பீடும் பல்கலைக்கழக அங்கீகாரமும்

கேள்வி:
என் மகள் ஐபி (இன்டர்நேஷனல் பக்கலாரியேட்) டிப்ளமோவில், அதாவது பள்ளி இறுதி இரண்டாண்டுகளுக்கான சர்வதேசப் படிப்பில், சேர விரும்புகிறாள். அதில் மதிப்பெண்ணை நூற்றுக்கு அல்லாமல் 45-க்குக் கணக்கிடுவது எப்படி? பல்கலைக்கழகங்கள் மொத்தத்தை மட்டும்தான் பார்க்கின்றனவா?

மறுமொழி 1:
ஆறு பாடங்களுக்கும் ஒவ்வொன்றுக்கு 1 முதல் 7 வரை தரப்புள்ளி உண்டு, அதனால் அதிகபட்சம் 42. அறிவுக் கோட்பாடு என்னும் பாடத்துக்கும், அதிகபட்சம் 4,000 சொற்களில் எழுத வேண்டிய ஆய்வுக் கட்டுரைக்கும் ஏ (A) முதல் இ (E) வரை தரமிட்டு, இரண்டையும் சேர்த்து அதிகபட்சம் 3 புள்ளிகள் தருகிறார்கள். பொதுவாக 24 புள்ளிகள் பெற்றால் தேர்ச்சி என்றாலும், இவ்விரண்டில் ஒன்றில் இ தரம் வந்தால்கூட மொத்தம் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் டிப்ளமோ கிடைக்காது. இதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

மறுமொழி 2:
உங்கள் இரண்டாம் கேள்விக்கு: இல்லை. மாணவர்கள் பெரும்பாலும் மூன்று பாடங்களை உயர்நிலையிலும் மூன்றைச் சாதாரண நிலையிலும் படிக்கிறார்கள். பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் மொத்தப் புள்ளிகளோடு உயர்நிலைப் பாடங்களில் 6, 6, 6 போன்ற தரங்களையும் தனியே கேட்கின்றன. அமெரிக்காவில் பல கல்லூரிகள் உயர்நிலையில் நல்ல தரம் பெற்ற பாடத்துக்கு முதலாண்டு கிரெடிட் (பட்டப்படிப்பின் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) வழங்குகின்றன. பொறியியல் படிக்க எண்ணினால், கணிதத்தை எந்த நிலையில், எந்தப் பிரிவில் எடுக்க வேண்டும் என்பதை விரும்பும் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையைப் படித்த பின்னரே முடிவு செய்யுங்கள்.

மறுமொழி 3:
இறுதி முடிவு வருமுன்பே விண்ணப்பிக்க நேர்வதால், ஆசிரியர்கள் தரும் எதிர்பார்ப்பு மதிப்பெண்ணே முதலில் பரிசீலிக்கப்படுகிறது. ஆகவே டிப்ளமோவின் முதலாண்டு உழைப்பையும் அலட்சியப்படுத்த வேண்டாம்.