பிக்கப் வண்டியின் முன்னால் பிளேடு மாட்டிக் களத்துச் சோளத்தைத் தள்ளலாமா?

கரிசக்காட்டான், டி.கல்லுப்பட்டி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கம் மானாவாரிக் கரிசல். புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளம் தை, மாசியில் களத்துக்கு வரும். மெஷினில் அடித்த சோளத்தைச் சிமெண்டுக் களத்தில் பரப்பி, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு இறங்கும்வரை காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் வியாபாரி மீட்டரைப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்துவிடுவார். தையில் மழை வராது என்றிருந்த காலம் போய்விட்டது. சதுரகிரிப் பக்கம் இருட்டினால் அரை மணி நேரத்துக்குள் அத்தனையையும் குவித்துத் தார்ப்பாய் போட்டாக வேண்டும். ஆள் கிடைப்பதில்லை. அறுபதைத் தாண்டிய அம்மாதான் இன்னும் பலகை பிடித்துத் தள்ளுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

என்னிடம் பொலிரோ பிக்கப் இருக்கிறது. அமெரிக்காவில் பிக்கப்பின் முன்னால் பிளேடு மாட்டிப் பனி தள்ளும் வீடியோக்களைப் பார்த்தேன். அதே மாதிரி 2 மீட்டர் அகலத்தில், ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்கும்படி முன் பம்பரில் மாட்டலாமா? மொத்தம் 200 கிலோ வரும் என்கிறார் பட்டறைக்காரர். மழை நேரத்தில் வாடகை டிராக்டரை நம்ப முடியாது.

கப்பலூர் பட்டறை:

பம்பரில் வேண்டாம் தம்பி. அது தகரம், பாரம் தாங்க வைத்ததில்லை. எது மாட்டினாலும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில்தான் பிடிக்க வேண்டும். அதுவும் போல்ட் போட்டு. சேஸிஸில் வெல்டிங் வைத்தால் சூடுபட்ட இடம் பலம் குறைந்து பிற்பாடு அங்கேயே விரிசல் விடும். பிளேடுக்கு 3 மி.மீ. தகடு போதும், பின்னால் ஆங்கிள் வைத்து விறைப்பாக்கிக்கொள்ளலாம். அடி விளிம்பில் இரும்பு கூடாது, களமும் பெயரும் சோளமும் உடையும். பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரை வெட்டி போல்ட் போடுங்கள்.

பஃபலோவில் ஒரு மேலூர்க்காரன்:

நான் இருக்கும் அமெரிக்க ஊரான பஃபலோவில் ஈரி ஏரிக்காற்று கொட்டுகிற பனிக்குக் கணக்கே இல்லை. 2014 நவம்பரில் ஊருக்குத் தெற்கே சில இடங்களில் ஆள் உயரத்துக்கு மேல் குவிந்தது. குளிர்காலத்தில் அரை டன் பிக்கப்பில் பிளேடு மாட்டி, தெருவில் உள்ள வீட்டு வாசல்களைத் துப்புரவு செய்கிறேன். தம்பி, அம்மாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் விரிவாகவே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் எடை. பிளேடு முன் அச்சுக்கும் முன்னால் தொங்குகிறது. 200 கிலோ பிளேடு அச்சிலிருந்து 1.2 மீட்டர் தள்ளி நிற்பதாக வையுங்கள். உங்கள் வண்டியின் இரண்டு அச்சுக்கும் இடைவெளி சுமார் 3 மீட்டர். பிளேடைத் தூக்கியதும் முன் அச்சில் ஏறுவது 200 அல்ல, 280 கிலோ. மீதி 80 கிலோ பின் அச்சிலிருந்து குறைந்துவிடும். பின் சக்கரம் ஓட்டும் வண்டியில் அங்கேதான் பிடிப்பு வேண்டும். அதனால்தான் இங்கே பின் அச்சுக்கும் பின்னால் மணல் மூட்டை அடுக்குகிறோம். முன் அச்சு எவ்வளவு தாங்கும் என்பதை ஓட்டுநர் கதவோரத்து ஸ்டிக்கரில் பார்த்துவிட்டுத்தான் பிளேடே வாங்குவோம். தூக்கிய பிளேடு ரேடியேட்டருக்குப் போகும் காற்றையும் மறைக்கும். இந்தக் குளிரிலேயே நாங்கள் அதைக் கவனித்து ஓட்டுகிறோம், கல்லுப்பட்டி வெயிலில் கேட்கவே வேண்டாம்.

அடுத்தது சோளம். புதுப் பனி ஒரு கன மீட்டர் 100 கிலோகூட இருக்காது. மக்காச்சோளம் 720 கிலோ. 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பியதை 2 மீட்டர் பிளேடால் தள்ளினால் மீட்டருக்கு 72 கிலோ சேரும். 5 மீட்டர் போவதற்குள் 360 கிலோ. களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரே மூச்சில் தள்ள நினைக்காதீர்கள். குவியலுக்குப் பக்கத்தில் இருப்பதை முதலில் தள்ளிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போங்கள்.

என் யோசனை, பிளேடைப் பின்னால் மாட்டுங்கள். பின் ஸ்பிரிங் ஒரு டன்னுக்கு மேல் சுமக்கச் செய்தது, அதற்கு இந்தப் பிளேடு பொருட்டே இல்லை. அந்த எடை ஓட்டும் சக்கரத்தின் மேலேயே விழும். ரேடியேட்டர் தப்பும். ரிவர்ஸ் கியரில் தள்ளினால் பிளேடு முன்னே போய்ச் சோளத்தை ஒதுக்க, டயர் வெறும் தரையில் வரும். முன்பக்கமாக ஓட்டி இழுத்தால் டயர் சோளத்தின் மேல் ஏறி மணியை நொறுக்கும், அதனால் இழுக்க வேண்டாம். இரண்டு டயரின் வெளி விளிம்பையும் அளந்து, பிளேடு அதைவிடப் பக்கத்துக்கு ஒரு சாண் அகலமாக இருக்கட்டும். ஹைட்ராலிக் தேவையில்லை, கையால் சுற்றும் வின்ச் போதும்.

களத்தில் மேடு பள்ளமும் சிமெண்டு மூட்டும் இருக்கும். அடியில் இடித்தால் பிளேடு மடங்கிக் கொடுத்து, ஸ்பிரிங்கில் திரும்பி நிற்க வேண்டும். இங்கே பனி தள்ளும் பிளேடுகளில் அது உண்டு. அது இல்லாமல் செய்யவே செய்யாதீர்கள், அடி நேராகச் சேஸிஸில் இறங்கும்.

கரிசக்காட்டான்:

அண்ணே, ரொம்ப நன்றி. பின்னால் மாட்டலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பயம், மழை நேரத்தில் களத்தில் பெண்களும் பிள்ளைகளும் விளக்குமாறோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். அங்கே ரிவர்ஸா?

பஃபலோவில் ஒரு மேலூர்க்காரன்:

பயப்படுவதுதான் சரி. வண்டி களத்தில் இறங்கினால் ஆட்கள் கரையேற வேண்டும். ஒரே ஒருவர் பக்கவாட்டில், உங்கள் கண்ணாடியில் தெரியும்படி நிற்கட்டும். அவர் கண்ணில் படாவிட்டால் பிரேக். நடை வேகத்துக்கு மேல் வேண்டாம். கூட்டுவது, அள்ளுவதெல்லாம் வண்டி வெளியேறிய பிறகுதான்.

பேரையூர் டிரைவர்:

இன்னொன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியான புல் பார் மேல் 2017-லேயே மத்திய அரசு நடவடிக்கை எடுக்கச் சொல்லிவிட்டது. பிளேடை மாட்டுகிற இரும்பு ஃபிரேமையும் சேர்த்து ஆர்டிஓ ஆபீஸில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிளேடு களத்திலேயே கிடக்கட்டும், அதோடு ரோட்டில் ஏறவே ஏறாதீர்கள்.

கப்பலூர் பட்டறை:

வண்டிக்குப் பின்னால் மாட்டுவதுதான் நல்லது, நானும் ஒத்துக்கொள்கிறேன். இரண்டு பூட்டு ஆணியை உருவினால் பிளேடு கழன்று வரும்படி செய்யலாம். பின் கதவைத் திறக்கும்போது இடிக்காமல் இருக்க வேண்டும், அதற்கு வண்டி நேரில் வேண்டும். ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிட்டு வாருங்கள், தைக்கு முன்னால் முடித்துத் தருகிறேன்.