ரெக்கார்டிங் கம்ப்யூட்டரில் ஓஎஸ் மாற்றலாமா? விண்டோஸ் 10, கியூபேஸ் 9.5, பழைய ஃபயர்வயர்

கேள்வி: கும்பகோணம் மாடி ஸ்டுடியோ

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் வீட்டு மாடியிலேயே சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நாதஸ்வரம், தவில், பக்திப் பாடல்கள், எப்போதாவது பள்ளி ஆண்டு விழாப் பாட்டு. பக்கத்திலேயே கோயில். அர்த்தஜாமம் முடிந்து மணிச் சத்தம் அடங்கிய பிறகுதான் மைக்கைத் திறப்பேன்.

கம்ப்யூட்டர் 2017-ல் அசெம்பிள் செய்தது. ஐ7-7700, 32 ஜிபி ரேம், விண்டோஸ் 10 (22எச்2). பதிவு மென்பொருள் கியூபேஸ் 9.5, அதன் லைசென்ஸ் இருக்கும் யூஎஸ்பி டாங்கிளோடு. மைக்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்க எட்டு சேனல் ஃபயர்வயர் (யூஎஸ்பி போல ஒரு பழைய இணைப்பு முறை) இன்டர்ஃபேஸ். மதர்போர்டில் ஃபயர்வயர் இல்லாததால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் வைத்த கார்டு ஒன்றைத் தனியாக வாங்கி, அதற்கான பழைய டிரைவரை (லெகசி 1394) போட்டு வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு கிளிக், ஒரு பாப் கிடையாது. பஃபர் (கூட்டினால் ஹெட்போனில் சத்தம் தாமதமாகக் கேட்கும்) 128-ல் ஓடுகிறது. தவில்காரர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பார்கள். 512-க்கு ஏற்றினால் இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே கையை நிறுத்திவிட்டு, "அடி பின்னாடி வருதுங்க" என்பார்கள். அவர்கள் காது அப்படி. அதனால் 128 எனக்கு முக்கியம்.

இப்போது பிரச்சினை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. அக்கா மகன், "அரை மணி நேர வேலை மாமா, 11 போட்டுக் கொடுத்துடறேன்" என்று நிற்கிறான். என் பிராசஸர் ஏழாம் தலைமுறை, 11-க்குத் தகுதிப் பட்டியலில் இல்லை. அந்தச் சோதனையைத் தாண்டிப் போட வழி இருக்கிறது என்கிறான். இல்லையென்றால் ஒரு மேக் மினி வாங்கிவிடுங்கள் என்கிறான்.

எனக்குப் பயம் ஒரே ஒரு விஷயத்தில். 2018-ல் பக்கத்துக் கிராமத்து வித்வான் ஒருவரை 14 உருப்படிகள் பதிவு செய்தேன். கம்பீரநாட்டையில் ஒரு மல்லாரி, அப்புறம் கீர்த்தனைகள். கிளிக் டிராக் (தாளம் பிடிக்க ஓடவிடும் டிக் டிக் சத்தம்) இல்லாமல், அவர் போக்கில் வாசித்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் காலமாகிவிட்டார். இப்போது மகன் வந்து, தவிலைக் கொஞ்சம் இறக்கி, அப்பா வாசிப்பை முன்னால் கொண்டுவந்து புதிதாக மிக்ஸ் செய்து தரச் சொல்கிறார். மாசி மகத்துக்குள் வேண்டுமாம். அந்த 14 புராஜெக்ட்டும் இதே கம்ப்யூட்டரில், இதே பிளகின்களோடுதான் (கியூபேஸுக்குள் ஓடும் எஃபெக்ட், வாத்திய மென்பொருள்கள்) திறந்திருக்கின்றன. ஓஎஸ் மாற்றி, நாளைக்கு அவை திறக்காமல் போனால் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?

மாற்றலாமா, வேண்டாமா?

பதில்: வடபழனி, டப்பிங் தியேட்டர் இன்ஜினியர்

அண்ணா, கையில் வேலை இருக்கும்போது ஓஎஸ்ஸைத் தொடாதீர்கள். மாசி மகம் முடியட்டும். இதில் இரண்டு கருத்தே இல்லை.

ஆனால் "தொடாமல் இருந்தால் பத்திரம்" என்றும் நினைத்துவிடாதீர்கள். எட்டு வருஷ மதர்போர்டு, எட்டு வருஷ ஃபயர்வயர் கார்டு. ஓஎஸ் மாற்றாமலே ஒருநாள் காலையில் ஸ்விட்ச் போட்டால் ஆன் ஆகாமல் போகலாம். அப்போதும் அந்த 14 உருப்படி திறக்காதுதான். அதனால் முதல் வேலை, ஒவ்வொரு டிராக்கையும் வேவ் கோப்பாக வெளியே எடுப்பது. எல்லா டிராக்கும் பாட்டின் ஒரே புள்ளியில் தொடங்க வேண்டும். நடுவில் வரும் டிராக்காக இருந்தாலும் முன்னால் உள்ள மௌனத்தோடு சேர்த்தே எடுங்கள். அப்போதுதான் எந்த மென்பொருளில், எந்த வருஷத்தில் போட்டாலும் தானாகவே ஒன்றோடொன்று பொருந்தி உட்காரும். கிளிக் இல்லாமல் வாசித்ததால் கவலையே வேண்டாம், டெம்போ எதுவும் இதில் குறுக்கே வராது. எஃபெக்ட் இல்லாமல் ஒரு தடவை, எஃபெக்ட்டோடு ஒரு தடவை எடுங்கள். சுருதியைப் பிளகினில் வைத்திருந்தால் அதையும் ஆடியோவாக்கிவிடுங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

இடம் பற்றிக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் நிமிடத்துக்கு சுமார் 8.6 எம்பி. 16 டிராக், எட்டு நிமிஷம், 14 உருப்படி என்று வைத்தாலும் 16 ஜிபிக்குள் முடிந்துவிடும். இரண்டு தடவை எடுத்தாலும் ஒரு பென் டிரைவ் அளவுதான்.

இன்னொரு முக்கியமான கேள்வி. உங்கள் லைசென்ஸ் எல்லாமே டாங்கிளில் இருக்கிறதா, இல்லை சில பிளகின்கள் சாஃப்ட் ஈலைசென்சரில் (டாங்கிள் இல்லாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே லைசென்ஸை வைக்கும் முறை) இருக்கின்றனவா? 2025 மே மாதத்தோடு ஈலைசென்சர் சேவையை கியூபேஸ் கம்பெனியான ஸ்டைன்பெர்க் மூடிவிட்டது. டாங்கிளில் இருப்பது டாங்கிள் உயிரோடு இருக்கும்வரை ஓடும். சாஃப்ட் ஈலைசென்சரில் இருப்பது அந்தக் கம்ப்யூட்டரோடு கட்டிப்போட்டது. ஓஎஸ்ஸை அழித்துப் புதிதாகப் போட்டால் திரும்ப ஆக்டிவேட் செய்துகொள்ள சர்வர் இல்லை. போனால் போனதுதான்.

கேட்டவர்: கும்பகோணம் மாடி ஸ்டுடியோ

தம்பி, ரொம்ப நன்றி. ஈலைசென்சர் கண்ட்ரோல் சென்டரைத் திறந்து பார்த்தேன். கியூபேஸ் டாங்கிளில் இருக்கிறது. ஆனால் ஒரு சாம்ப்ளர் (வாத்திய ஒலிகளைத் தரும் பிளகின்) சாஃப்ட் ஈலைசென்சரில்தான் இருக்கிறது. மல்லாரியில் சுருதியையும், பின்னால் மெல்லிசாக ஓடும் ஒரு பேடையும் (நீண்டு ஒலிக்கும் பின்னணி ஒலி) அதில்தான் வைத்திருந்தேன். நீங்கள் சொல்லாவிட்டால் இதைக் கவனித்தே இருக்க மாட்டேன். அக்கா மகனை உட்கார வைத்து இதைக் காட்டினேன், அவனும் பேசாமல் இருந்துவிட்டான்.

பதில்: கோவை, மேக் பயன்படுத்துபவர்

சார், மேக் மினி பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். 2019 அக்டோபரில் மேக்ஓஎஸ் கேட்டலினா வந்த வாரமே நான் அப்கிரேட் செய்தேன். 32 பிட் மென்பொருள் எதுவும் அதில் ஓடாது. அதற்கு முந்தைய பதிப்பான மொஹாவேயோடு அந்த வசதி முடிந்தது. முந்தைய வருஷத்திலிருந்தே எச்சரிக்கைப் பெட்டி வந்துகொண்டுதான் இருந்தது, நான் ஓகே அழுத்திக் கடந்து போயிருந்தேன். இன்டர்ஃபேஸின் கண்ட்ரோல் பேனல் 32 பிட், அது திறக்கவில்லை. சேனல் ரூட்டிங் எதையும் மாற்ற முடியாமல் போயிற்று. ஐந்து பேர் கொண்ட பஜனைக் குழு பாடும் அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது, ஆர்மோனியக்காரர் சுருதி சேர்த்துவிட்டார், எனக்கு மூன்றாவது மைக்கில் சிக்னல் இல்லை. அவர்களை மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். மொஹாவேக்குத் திரும்பிப் போக இரண்டு நாள் ஆனது. டைம் மெஷின் பேக்கப் இருந்ததால் தப்பித்தேன்.

உங்கள் விஷயத்தில் நேரடியான தடையே இருக்கிறது. 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயர் ஆதரவை எடுத்துவிட்டார்கள். மேக் மினி வாங்கினால் இன்டர்ஃபேஸும் சேர்த்து வாங்க வேண்டும். அதோடு, இன்டெல்லுக்கு எழுதிய பழைய பிளகின்கள் ரொசெட்டா (இன்டெல் மென்பொருளை ஆப்பிள் சிப்பில் ஓட்டும் வசதி) வழியாகத்தான் ஓடும். அந்த ரொசெட்டாவும் மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுதாக இருக்கும் என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. மேக் நல்ல மெஷின், நான் இன்றும் அதில்தான் வேலை செய்கிறேன். ஆனால் பழைய புராஜெக்ட்டைத் திறப்பதற்காக அதை வாங்காதீர்கள். புது வேலைக்காக என்றால் வாங்குங்கள்.

பதில்: திருச்சி, கம்ப்யூட்டர் சர்வீஸ்

எனக்கு இசை தெரியாது, மெஷின் தெரியும். மேலே சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒரு இடத்தில் மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. "மாற்றாதீர்கள்" என்று சொல்லி நிறுத்திவிட்டால் அந்த மெஷின் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் நெட்டில் கிடக்கும். ஸ்டுடியோ என்றால் ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் வந்து போகும் இடம். ஒரு ரான்சம்வேர் வந்தால் உங்கள் 14 உருப்படியும் பூட்டிக்கொள்ளும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நீங்கள் 22எச்2-வில் இருப்பதால் ஈஎஸ்யூ எனப்படும் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பில் சேரலாம். தனிநபர்களுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டில் செட்டிங்ஸை சிங்க் செய்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. சேர்ந்து, அப்டேட்டுகளைப் போட்டு முடித்ததும், மற்ற நாட்களில் நெட் கேபிளைக் கழற்றி வையுங்கள். வைஃபையையும் டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்துவிடுங்கள். வைஃபை டிரைவரால் ஆடியோவில் விக்கல் வருவதை நானே பல மெஷினில் பார்த்திருக்கிறேன். லேட்டன்சிமான் என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்த்தால் தெரியும். பென் டிரைவ்களை வேறொரு லேப்டாப்பில் ஸ்கேன் செய்த பிறகே இதில் செருகுங்கள்.

சோதனையைத் தாண்டி 11 போடுவது வேண்டவே வேண்டாம். தகுதியில்லாத மெஷினுக்கு அப்டேட் வரும் என்று உத்தரவாதம் தர மாட்டோம் என்று மைக்ரோசாஃப்டே எழுதியிருக்கிறது. அப்டேட்டுக்காகத்தானே மாற்றுகிறோம்?

கடைசியாக ஒன்று. புது எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, குளோன்ஜில்லா என்ற டிஸ்க் பிரதி மென்பொருளில் இப்போதிருக்கும் சி டிரைவை அப்படியே பிரதி எடுங்கள். எடுத்ததோடு விடாதீர்கள். பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிவிட்டு, பிரதியை மாட்டி பூட் செய்து, கியூபேஸைத் திறந்து ஒரு பாட்டை ஓட்டிப் பாருங்கள். அது ஓடினால்தான் பேக்கப். அதேபோல் என்றைக்காவது புது ஓஎஸ்ஸைச் சோதித்துப் பார்ப்பதானாலும் தனி டிஸ்கில், பழையதைக் கழற்றிவிட்டுப் போடுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் பூட் கோப்புகளை இன்ஸ்டாலர் பழைய டிஸ்கில் கொண்டுபோய் வைத்துவிடும்.

கேட்டவர்: கும்பகோணம் மாடி ஸ்டுடியோ

பத்து நாள் ஆகிவிட்டது, செய்ததைச் சொல்கிறேன்.

ஓஎஸ்ஸை மாற்றவில்லை. ஈஎஸ்யூவில் சேர்ந்தேன். 500 ஜிபி எஸ்எஸ்டியில் பிரதி எடுத்து, திருச்சிக்காரர் சொன்னபடி கேபிளைக் கழற்றி பூட் செய்து பார்த்தேன். முதல் தடவை டாங்கிளைச் செருக மறந்து கியூபேஸ் திறக்கவில்லை, ஒரு நிமிஷம் வயிற்றைக் கலக்கிவிட்டது. செருகியதும் திறந்தது. நெட் கேபிள் இப்போது ஆணியில் தொங்குகிறது.

அப்புறம் மூன்று ராத்திரி உட்கார்ந்து 14 உருப்படியையும் வேவாக எடுத்தேன். 11 சரியாக வந்தன. இரண்டில் ஒரு ரிவர்ப் பிளகின் காணவில்லை என்று செய்தி வந்தது, எப்போதோ நானே நீக்கியிருக்கிறேன். ஓஎஸ் மாறாமலே அது போயிருக்கிறது! அந்த இரண்டையும் எஃபெக்ட் இல்லாமல் மட்டும் எடுத்தேன், நாதஸ்வரம் முழுதாக இருக்கிறது, அது போதும்.

மீதி இருந்தது மல்லாரி. அதைத்தான் கடைசியாகத் திறந்தேன். சுருதியையும் பேடையும் ஆடியோவாக்கிவிட்டு, நாதஸ்வர டிராக்கை மட்டும் சோலோ போட்டுக் கேட்டேன். வாசிக்க ஆரம்பிப்பதற்கு முன் சீவாளியை ஈரப்படுத்துகிற சத்தம், பிறகு மெதுவாக, "ஆரம்பிக்கலாமா தம்பி" என்று என்னைக் கேட்கிறார். 2018-ல் மிக்ஸ் செய்யும்போது அந்த முதல் ஏழு வினாடியை நான்தான் வெட்டி மறைத்திருந்தேன். இந்தத் தடவை எல்லா டிராக்கையும் அங்கிருந்தே தொடங்கி எடுத்திருக்கிறேன்.

நேற்று மகனை வரச் சொல்லி ஹெட்போனைக் கொடுத்தேன். அந்த இடத்தை நாலு தடவை கேட்டார். ஆல்பத்தில் அந்தக் குரலும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

புது வேலைகளுக்காக இந்த வருஷக் கடைசியில் வேறொரு மெஷின் வாங்கலாம் என்றிருக்கிறேன். எட்டு மைக், பஃபர் 128, தவில்காரர் முகம் சுளிக்காத யூஎஸ்பி இன்டர்ஃபேஸ் எது என்று யாராவது பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.