தத்துக் குழந்தைக்குத் தாய்ப்பால்: ட்யூப், பாலாடை, மாத்திரை பற்றி உடனிருந்து பார்த்தவர்கள்

பாலூட்டல் ஆலோசகர்:
தத்தெடுக்கப் போகிற அம்மாக்கள் வந்ததும் கேட்பது, "எந்த மாத்திரை போடணும்?" மாத்திரையைப் பிறகு பார்ப்போம். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் பால் சுரப்பிகளை வளர்க்கின்றன. அதே புரோஜெஸ்டிரோன்தான் பால் பெருகாமல் தடுத்தும் வைக்கிறது. நச்சுக்கொடி விழுந்ததும் அந்தத் தடை நீங்குகிறது. அதன் பிறகு மார்பு எவ்வளவு காலியாகிறதோ அவ்வளவு ஊறும், தேங்கினால் குறையும். குழந்தை சப்பும்போது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின் பாலை ஊறவைக்கிறது, ஆக்ஸிடோசின் அதை வெளியே தள்ளுகிறது. இந்த இரண்டுக்கும் கர்ப்பம் கட்டாயமில்லை, அதனால் பெறாத அம்மாவுக்கும் பால் வரவைக்க முடியும்.

குழந்தை வரும் தேதி தெரிந்தால் சில வாரங்கள் முன்பே பால் உறிஞ்சும் பம்ப் தொடங்கலாம். நாளுக்கு 8 முறை, பக்கத்துக்கு 10 முதல் 15 நிமிடம். புரோலாக்டின் இரவில் அதிகம் என்பதால் நள்ளிரவு முறையை விடக்கூடாது. தொடக்கத்தில் ஒன்றுமே வராது, அது தோல்வியல்ல. காம்பு புண்ணானால் பம்பின் புனல் அளவு பொருந்தவில்லை, அல்லது இழுவிசையைக் கூட்டிவிட்டார்கள்.

பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலியர்:
பம்பைவிடக் குழந்தையின் வாய்தான் பலன் தரும். ஆனால் பால் வராத மார்பை எந்தக் குழந்தையும் சப்பிக்கொண்டிருக்காது. அதனால்தான் ட்யூப். 5 அல்லது 6 எண் ஃபீடிங் ட்யூபின் நுனியைக் காம்போடு சேர்த்து மைக்ரோபோர் டேப் ஒட்டுங்கள்; மறுமுனை பவுடர் பால் உள்ள கிண்ணத்துக்குள். கிண்ணத்தை உயர்த்தினால் பால் வேகமாகப் பாயும், தாழ்த்தினால் குழந்தை உழைத்துச் சப்ப வேண்டும். திணறினால் உடனே தாழ்த்துங்கள். ட்யூப் இல்லையென்றால் பாலாடையால் (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) மார்பின் மேலிருந்து காம்புக்குச் சொட்டுச் சொட்டாக வழியவிடலாம். இதற்கு இன்னொருவர் கை வேண்டும்.

பச்சிளங்குழந்தைக்குப் பொதுக் கணக்கு, கிலோவுக்கு நாளுக்கு 150 மி.லி. 3 கிலோ என்றால் 450 மி.லி., எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்குச் சுமார் 55. குடித்து முடித்த கையோடு சிரிஞ்சால் வெந்நீரும் சோப்பும் செலுத்தி ட்யூபைக் கழுவுங்கள், பால் உள்ளே காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். இடையில் புட்டி கொடுத்துப் பழக்கினால் மார்பை மறுக்கக்கூடும்.

ஆலோசகர்:
பால் வரத் தொடங்கியதும் பலரும் ட்யூபில் கொடுக்கும் பவுடர் பாலைச் சட்டென்று நிறுத்துகிறார்கள். கூடவே கூடாது! நாள் மொத்தத்தில் 50 மி.லி. மட்டும் குறையுங்கள். வாரத்துக்கு 125 கிராமாவது எடை ஏறி, நாளுக்கு 6 முறையாவது சிறுநீர் போனால் மட்டும் அடுத்த 50. பவுடரைத் தண்ணியாகக் கரைப்பது குறைப்பதாகாது, அது குழந்தையைப் பட்டினி போடுவது. முழுத் தேவைக்கும் பால் கிடைப்பவர்கள் குறைவு. பாதி கிடைத்தாலும் அது தாய்ப்பால்தான். மூன்று மாதம் தாண்டி வரும் குழந்தை மார்பை ஏற்கக் கூடுதல் பொறுமை தேவை. தூக்கக் கலக்கத்தில், தோலோடு தோல் சேர்த்து அணைத்துக் கொடுத்துப் பாருங்கள்.

மருந்தாளுநர்:
மாத்திரைக்கு வருகிறேன். கர்ப்பம் போன்ற ஹார்மோன் நிலையை உண்டாக்கக் கருத்தடை மாத்திரையும், புரோலாக்டினைக் கூட்டும் வாந்தி மருந்தான டொம்பெரிடோனும் சில மாதங்கள் சேர்த்துக் கொடுத்து, குழந்தை வருவதற்குச் சில வாரங்கள் முன் கருத்தடை மாத்திரையை மட்டும் நிறுத்திப் பம்ப் தொடங்கும் முறை கனடாவில் உருவானது. டொம்பெரிடோன் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-லேயே எச்சரித்தது. இதய நோயுள்ளவர்கள், எரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை எடுப்பவர்கள் தொடக்கூடாது. இரத்தக்கட்டி வந்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை ஆபத்து. வாந்திக்குக் கடையில் வாங்கும் மாத்திரைதானே என்று நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். இசிஜி பார்த்து மருத்துவர் எழுதட்டும். பூண்டு சாப்பிடுங்கள், தடையில்லை. வெந்தயத்தை மட்டும், சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் அதிகம் சேர்த்தால் சர்க்கரை இறங்கிவிடும்.