"இது நியாயத்தீர்ப்பு" என்று உங்களிடம் யாராவது சொன்னதுண்டா?

முதல் பதிவு

வெள்ளம் வடிந்து நான்காம் நாள். நிவாரண முகாமில் நானும் எங்கள் சபையார் ஆறு பேரும் போர்வை கொடுத்துக்கொண்டிருந்தோம். மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்களோடு வந்த பிரதர் அவர் பக்கத்தில் மண்டியிட்டு, குரலைத் தாழ்த்தி, "கர்த்தர் இந்த ஊரோடு பேசுகிறார் அம்மா. பாவம் பெருகிவிட்டது" என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். இரண்டு நாளாகத் தூங்காமல் சேறு அள்ளியவர்.

அந்த அம்மா கேட்டது ஒன்றுதான். "என் பையனுக்கு ஆறு வயசு. அவன் என்ன பண்ணினான்?"

பிரதரிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. ஒரு போர்வையை அவர் மடியில் வைத்துவிட்டு நகர்ந்தேன். ஓடிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று இரவு வேதாகமத்தில் யோபுவின் புத்தகத்தை எடுத்தேன். அவருடைய பத்துப் பிள்ளைகளும் செத்தது பெருங்காற்றில் வீடு இடிந்து. அதுவும் இயற்கைச் சீற்றம்தானே, இத்தனை வருடம் படித்தும் எனக்கு அது உறைத்ததில்லை. அவருடைய நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் வம்பு. கடைசியில் கர்த்தருக்குக் கோபம் வந்தது யோபு மேல் இல்லை, தமக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூவர் மேல்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள். சொன்னவராக இருந்தாலும் சரி, கேட்டவராக இருந்தாலும் சரி.

மறுமொழி

நான் சொன்னவன். பாஸ்டர்.

2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கம் வந்தபோது, அந்த மக்கள் பிசாசோடு உடன்படிக்கை செய்தவர்கள், அதனால்தான் இப்படி என்று ஒரு அமெரிக்க டிவி பிரசங்கியார் சொன்னார். அடுத்த ஞாயிறு நானும் அதையே பிரசங்கித்தேன். சபை முழுக்க 'ஆமென்' சொன்னது. அடுத்த மாதமே சிலியில் நிலநடுக்கம். எங்கள் சபையில் கட்டடப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார், அதிகம் பேசமாட்டார். ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு வந்தார். "பாஸ்டர், ஹைட்டியில் வந்தது 7.0. சிலியில் 8.8, அதாவது சுமார் 500 மடங்கு ஆற்றல். ஹைட்டியில் லட்சக்கணக்கில் செத்தார்கள் என்கிறார்கள், சிலியில் சுமார் 500 பேர். சிலிக்காரர்கள் அவ்வளவு பரிசுத்தவான்களா, இல்லை அங்கே கட்டட விதி கண்டிப்பா?"

சிரித்து மழுப்பினேன். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேர் எருசலேமில் இருந்த மற்ற எல்லாரையும்விடக் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, "இல்லை" என்று பதிலும் சொல்லிவிட்டார். லூக்கா 13-ஐ நான் எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! அந்த ஹைட்டி பிரசங்கம் தவறு என்று மேடையில் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது. அன்று ஆமென் சத்தம் அவ்வளவாக இல்லை.

மறுமொழி

2020. எங்கள் ஜெபக்குழு வாட்ஸப்பில் ஒரே வாரத்தில் இரண்டு வாய்ஸ் மெசேஜ். நவீன சபைகளின் ஆட்டம் பாட்டத்துக்குத்தான் இந்தக் கொள்ளைநோய் என்று ஒருவர். பழைய சபைகளின் சடங்குக்குத்தான் என்று இன்னொருவர். முதலாமவருக்கே காய்ச்சல் வந்தது. "கர்த்தர் என் விசுவாசத்தைச் சோதிக்கிறார், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று மெசேஜ் போட்டார். ஜெபித்தோம், பிழைத்தார், ஸ்தோத்திரம். ஆனால் மற்றவர்களுக்கு வந்தால் நியாயத்தீர்ப்பு, நமக்கு வந்தால் சோதனை என்று எந்த வசனம் பிரித்துக் கொடுத்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இது புதுசும் இல்லை. 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள். போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் காலை ஆராதனைக்குக் கோவில்கள் நிறைந்திருந்த நேரத்தில் பூமி குலுங்கியது. பீடத்தில் எரிந்த மெழுகுவத்திகளே தீயாகப் பரவின, அப்புறம் கடல் வந்தது. கத்தோலிக்கர்கள் விசாரணை மன்றம் வைத்து, மாறுபட்ட விசுவாசம் உள்ள மனிதர்களை எரித்ததற்குத் தண்டனை என்றார்கள் சில புராட்டஸ்டன்ட் போதகர்கள். பாவிகளையும் மாறுபட்ட விசுவாசத்தாரையும் பொறுத்துக்கொண்டதற்குத் தண்டனை என்றார்கள் சில கத்தோலிக்கர்கள். செத்தவர்களில் பலர் முழங்காலில் இருந்தவர்கள்.

மறுமொழி

கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். "கர்த்தருடைய செயல் இல்லாமல் ஊரில் தீங்கு உண்டாகுமோ?" என்கிற ஆமோஸ் 3:6-ஐ யாரும் கிழித்துப் போட முடியாது. நிலநடுக்கத்தில் எங்கள் மாடிப்படி இடிந்து நான் ஐந்து மணி நேரம் இருட்டில் கிடந்தேன். அதற்கு முன் 12 வருடம் அப்பாவோடு பேசாமல் இருந்தவள் நான். வெளியே எடுத்ததும் முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன். அது கர்த்தர் என்னை உலுக்கியது என்று நம்புகிறேன். யார் சிரித்தாலும் பரவாயில்லை.

அதே இடிபாட்டில் மேல் மாடி சிஸ்டர் இறந்துபோனார். அவரைக் கர்த்தர் என்ன செய்தார் என்று என்னைக் கேட்டால் எனக்கு வாய் எழாது. என்னைத் திருப்ப அவரைக் கொன்றார் என்று ஒருவர் ஆறுதலாகவே சொன்னார். அவரை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன்.

இன்னொன்று. வேதத்தில் நியாயத்தீர்ப்பு வரும் இடங்களில் முன்கூட்டியே வார்த்தை வருகிறது, நோவாவுக்கு, சோதோமுக்கு, நினிவேக்கு. அது தெரிந்ததும் ஆபிரகாம், பத்து நீதிமான்கள் இருந்தாலே சோதோமை விட்டுவிடும் என்கிற வரை கர்த்தரிடம் பேரம் பேசுகிறார். எருசலேமைப் பார்த்து இயேசு அழுகிறார். சம்பவம் நடந்து முடிந்தபின் வந்து காரணம் சொல்கிறவர்களில் ஒருவர்கூட அழுது நான் பார்த்ததில்லை.

முதல் பதிவிட்டவர்

சிஸ்டர், உங்கள் கடைசி வரியை அந்தப் பிரதருக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அவருக்குத் தேவைப்படாது.

அப்போஸ்தலர் 11-ல் அகபு என்கிற தீர்க்கதரிசி பஞ்சம் வரும் என்று சொல்கிறார். யார் பாவம் என்று அந்தியோகியா சபை கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. அவரவர் சக்திக்கு ஏற்றபடி பணம் சேர்த்து யூதேயாவுக்கு அனுப்புகிறார்கள். இதைப் பிரதரிடம் சொல்லலாம் என்று மறுவாரம் தேடிப் போனேன். முகாமில் அவர் இல்லை. அந்த அம்மாவோடு பிணவறைக்குப் போயிருந்தார். அதற்கப்புறம் இறப்புச் சான்றிதழ், நிவாரண மனு என்று வரிசை வரிசையாக நின்றிருக்கிறார். திரும்பி வந்தவரிடம் என்ன பேசினீர்கள் என்றேன்.

"ஒன்றும் பேசவில்லை. பேனா கேட்டார்கள், கொடுத்தேன்" என்றார்.