கெண்டைக்கால் பிடிப்புக்கு டொனிக் வோட்டர்: சீனி வருத்தக்காரருக்குச் சரிவருமா?

பனிமலை:
60 வயசு தாண்டினவங்க, சீனிக்கு மெட்ஃபோமின் எடுக்கிறாங்க, சாப்பாடு மரக்கறி மட்டும். ராத்திரியில கெண்டைக்கால் கல்லா இறுகிப் பிடிக்குது. படுக்க முந்தி ஒரு போத்தல் டொனிக் வோட்டர் குடிச்சா நிக்கும்னு ஹட்டன் டவுன்ல சொல்றாங்க. குடுக்கலாமா? சோடாவும் இதுவும் ஒண்ணா? மச்சம் ஏதும் சேருதா?

கொழுந்துக்கூடை:
ஒண்ணில்ல. சோடால தண்ணியும் காஸும்தான். டொனிக்ல சீனி, சிட்ரிக் அமிலம், குயினின் மூணும் இருக்கு. கசப்பு குயினினோடது. அது சிங்கோனா மரப்பட்டையில இருந்து வர்றதால மரக்கறிக்காரருக்குத் தடையில்ல. 1861ல நுவரெலியாப் பக்கம் ஹக்கலைத் தாவரத் தோட்டத்தைத் தொடங்கினதே சிங்கோனாவுக்குத்தான். கோப்பி நோயில அழிஞ்சப்போ தோட்டங்கள்ல சிங்கோனா நட்டாங்க, 1880கள்ல விலை விழுந்ததும் தேயிலைக்கு மாறிட்டாங்க. நம்ம மலையில வளர்ந்த பட்டைதானே, ஒரு போத்தலால என்ன வந்திடும்?

தராசுத்தட்டு:
அண்ணே, வரலாறு சரி. கடைசி வரியை ஒத்துக்க முடியாது.

கணக்கைப் பாருங்க. அமெரிக்கச் சட்டப்படி பானத்துல லீற்றருக்கு 83 மில்லிகிராம் குயினினுக்கு மேல போகக்கூடாது. அந்த உச்ச அளவே இருந்தாலும் 250 மில்லி போத்தல்ல 21 மில்லிகிராம்தான். பிடிப்புக்கு அந்தக் காலத்துல குடுத்த குயினின் குளிசை ராத்திரிக்கு 200 முதல் 300 மில்லிகிராம். 200ஐ எட்டவே கிட்டத்தட்ட இரண்டரை லீற்றர் குடிக்கணும். லேபிள்ல 100 மில்லிக்கு 8 கிராம் சீனின்னு இருந்தா, அதோட 190 கிராம் சீனியும் உள்ள போகும். ஒரு போத்தல்லயே 20 கிராம், அதாவது அஞ்சு தேக்கரண்டி. லேபிள்ல சீனி அளவைக் காட்டுற வட்டம் மஞ்சள் நிறம்னு நம்பாதீங்க, 100 மில்லிக்கு 2 கிராம்ல இருந்து 11 வரைக்கும் மஞ்சள்தான்.

அந்தக் குளிசையையே இப்ப பிடிப்புக்கு வழக்கமாச் சிபாரிசு பண்றதில்ல. இரத்தம் உறைய உதவுற இரத்தத் தட்டுக்களைக் குறைக்கும், இதயத் துடிப்பைக் குழப்பும். சிலருக்குக் குயினின் ஒத்துக்காது, அவங்களுக்கு டொனிக்ல இருக்கிற கொஞ்சமே போதும் தட்டு விழ. தோல்ல ஊதாப் புள்ளி, முரசுல இரத்தம், காதுல இரைச்சல் கண்டா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. வோர்ஃபரின் (இரத்தம் உறையாம இருக்கிற மருந்து), டிகொக்சின் (இதய மருந்து) எடுக்கிறவங்க, கர்ப்பிணிகள், ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கிற நொதி குறைவு) உள்ளவங்க தொடவே வேணாம்.

மலைக்காற்று:
பிடிக்கிற நேரம் முழங்காலை நீட்டி, பாத விரல்களைக் கையால உடம்புப் பக்கம் இழுத்துப் பிடிங்க. நின்னா குதிகாலைத் தரையில அழுத்துங்க. வராம தடுக்க, சுவருக்கு ரெண்டு மூணு அடி தள்ளி நின்னு, குதிகால் தூக்காம கையை ஊன்றிச் சாயணும். 10 செக்கன் பிடிச்சு 5 செக்கன் விடணும், இப்படி மூணு தடவை. குதிகால் தூக்கினா கெண்டை இழுபடாது, பிழை விடுறது அங்கதான். படுக்க முந்திக் கட்டாயம் செய்யணும்.

இன்னொண்டு. நெடுநாள் மெட்ஃபோமினும் மரக்கறி மட்டுமான சாப்பாடும் சேர்ந்தா பி12 குறைஞ்சு கால் நரம்பு பாதிக்கப்படலாம். கிளினிக்ல அதைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்க. தண்ணிக் குளிசையும் (சலத்தைக் கூடப் போக்குற மருந்து) பிடிப்பைக் கொண்டு வரும், மருந்துப் பட்டியலையும் காட்டுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, சிவந்து இருந்தா காத்திருக்காதீங்க, அது இரத்தக் கட்டியா இருக்கலாம்.

பனிமலை:
சீனி இல்லாத டயட் டொனிக்?

தராசுத்தட்டு:
சீனிக் கவலை தீரும், குயினின் அப்படியேதான் இருக்கும். ருசிக்கு எப்பவாவது குடிக்கலாம், பிடிப்புக்கு மருந்தாக இல்ல. இன்சுலினோ, சீனியை இறக்குற கிளிக்ளசைட் குளிசையோ எடுக்கிற ஆள் வீட்டுல இருந்தா ஒண்ணு கவனிங்க: சீனி இறங்கி வேர்த்து நடுங்குற நேரம் டயட் போத்தலை நீட்டிடாதீங்க, அதுல ஏத்துறதுக்கு ஒண்ணுமில்ல. 15 கிராம் சீனி, மூணு நாலு தேக்கரண்டி, தண்ணியில கரைச்சுக் குடுத்து 15 நிமிஷத்துல திரும்ப இரத்தச் சீனியைப் பாருங்க.