1430ஐ அனுப்புவதா, மறைப்பதா?

எடிசன் அப்பா:
மகள் 12ஆம் வகுப்பு, நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் அரசுப் பள்ளி. கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 1600க்கு 1430. அதில் கணக்கு 780, ஆங்கிலம் 650. பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபியில், கால்குலஸுக்கு 5க்கு 5. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகப் பட்டியலில் கொலம்பியா, மிச்சிகன், ரட்கர்ஸ். மூன்றிலும் எஸ்ஏடி கட்டாயமில்லை. மதிப்பெண்ணை அனுப்பலாமா? முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாளான நவம்பர் 1 நெருங்குகிறது, வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்துதான்.

கணக்குப்பிள்ளை:
அனுப்பாதீர்கள். கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற புள்ளிவிவரத் தொகுப்பில் சி9 என்று ஒரு பகுதி உண்டு. சேர்ந்தவர்களில் கீழ்க் கால்வாசிப் பேர் எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே, மேல் கால்வாசிப் பேர் எதற்கு மேலே என்று அதில் இருக்கும். கீழ்க் கால்வாசியில் விழுந்தால் வாயைத் திறக்காமல் இருப்பதே மேல். கொலம்பியாவுக்கு 1430 பக்கத்தில்கூட வராது. கட்டாயமில்லை என்று அவர்களே சொன்ன பிறகு நாமாகப் போய் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

டெக்சாஸ் தமிழச்சி:
அதே சி9இல், எத்தனை சதவீதம் பேர் மதிப்பெண் அனுப்பினார்கள் என்றும் போட்டிருக்கும். அதை விட்டுவிட்டீர்களே சார்! குறைவாக வாங்கியவர்கள் அனுப்புவதில்லை, அதனால் எல்லை ஏறுகிறது. அதைப் பார்த்துப் பயந்து அடுத்த வருடம் இன்னும் பலர் மறைக்கிறார்கள், மறுபடி ஏறுகிறது. நீங்கள் காட்டுவது இப்படி வீங்கிப்போன எல்லை.

எங்கள் ஊர் டெக்சாஸ் பல்கலைக்கழகம் (யூடி ஆஸ்டின்) 2024இல் தேர்வை மறுபடி கட்டாயமாக்கியபோது ஒரு கணக்குச் சொன்னது. விண்ணப்பித்தவர்களில், மதிப்பெண்ணைக் கணக்கில் எடுங்கள் என்றவர்களின் இடைநிலை மதிப்பெண் 1420. வேண்டாம் என்றவர்களுடையது 1160. மதிப்பெண் போடும் இடத்தைக் காலியாக விட்டால் அட்மிஷன் அலுவலகம் 1430 என்றா நினைத்துக்கொள்ளும்? அதே வருடம் டார்ட்மத் கல்லூரியின் ஆய்வும் இதைத்தான் சொன்னது: 1400ஐ ஒட்டி வாங்கிய வசதி குறைந்த பிள்ளைகள், காட்டியிருந்தால் உதவியிருக்கும் மதிப்பெண்ணை மறைத்திருக்கிறார்கள்.

கணக்குப்பிள்ளை:
'வசதி குறைந்த' என்று நீங்களே எழுதிவிட்டு அதைத் தாண்டிப் போகிறீர்களே மேடம். ஒரு மதிப்பெண்ணை அந்தப் பள்ளியின் நிலவரத்தோடு சேர்த்துத்தான் படிப்பார்கள். சராசரி 1000 இருக்கும் பள்ளியில் 1400 என்றால் எழுந்து நின்று பார்ப்பார்கள். எடிசன் பக்கம்? அப்பா ஐடி, சனிக்கிழமை தவறாமல் கோச்சிங், பக்கத்து பெஞ்சில் 1550. பள்ளியின் வழிகாட்டியான கவுன்சிலர் அனுப்பும் ஸ்கூல் ப்ரொஃபைல் என்ற பள்ளிக் குறிப்பிலேயே பள்ளியின் எஸ்ஏடி சராசரி பெரும்பாலும் இருக்கும். உங்கள் டார்ட்மத் வாதம் இந்தப் பெண்ணுக்கு எதிராகத்தான் போகும்.

டெக்சாஸ் தமிழச்சி:
சரி, அது நியாயம். கொலம்பியாவுக்கு வேண்டாம். அதற்காக ரட்கர்ஸுக்கும் ஏன் மறைக்க வேண்டும்? அங்கே 1430 நல்ல மதிப்பெண். கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்கிற பிள்ளையின் 780ஐ ஒளித்துவைப்பது என்ன புத்திசாலித்தனம்?

கலிஃபோர்னியா வாசி:
எங்களுக்கு இந்தத் தலைவலியே கிடையாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக (யூசி) வளாகங்களில் எஸ்ஏடியைக் கொடுத்தாலும் பார்க்கமாட்டார்கள். ஆனால் சமத்துவம் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எஸ்ஏடி கோச்சிங் போனது, கட்டுரைக்கு கன்சல்டன்ட் வந்தார். எஸ்ஏடிக்காவது கான் அகாடமியில் இலவசமாகப் படிக்கலாம்.

எடிசன் அப்பா:
ஒரு கல்லூரிக்குக் காட்டி இன்னொன்றுக்கு மறைக்க முடியுமா?

டெக்சாஸ் தமிழச்சி:
முடியும். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பின் டெஸ்டிங் பகுதியில் போட்டது விண்ணப்பத்தோடு போகும், ஆனால் ஒவ்வொரு கல்லூரிக்கும் சப்மிட் அடிக்கும் முன் மாற்றிக்கொள்ளலாம். கொலம்பியாவுக்கு அனுப்பும்போது எடுத்துவிடுங்கள். அப்புறம் முக்கியமாக ஒன்று: சில பள்ளிகள் தாங்கள் அனுப்பும் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டிலேயே எஸ்ஏடி மதிப்பெண்ணை அச்சடித்துவிடும். நீங்கள் இங்கே மறைத்தது அங்கே பளிச்சென்று இருக்கும். கவுன்சிலரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இது நல்ல தகவல். ரட்கர்ஸுக்கு அனுப்பட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. மிச்சிகன்தான் இடிக்கிறது. அந்த 650 கண்ணை உறுத்தும். ஏபி ஆங்கிலத்தில் எவ்வளவு அண்ணா? 4, 5 என்றால் சமாளிக்கலாம்.

எடிசன் அப்பா:
3.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் மிச்சிகனுக்கு வேண்டாம்.

டெக்சாஸ் தமிழச்சி:
நான் அனுப்பத்தான் சொல்வேன். அவள் ஆங்கில இலக்கியத்திலா சேரப்போகிறாள்?