பில் தாமதம்: நாமே நேரம் எடுப்பதா, புரொஃபைலரா?

தோவாளைத் தம்பி:
தோவாளை பூச்சந்தையில் ஒரு கமிஷன் கடைக்கு பைத்தானில் பில்லிங் எழுதிக் கொடுத்தேன். விடியற்காலையில் பிச்சிப்பூ வந்து குவியும் நேரத்தில், பல வருடமாகப் பூ போடும் ஒரு விவசாயிக்குச் சீட்டு வர ஆறு விநாடி. வீட்டில் ஓட்டினால் ஒரு விநாடிகூட ஆகவில்லை. எங்கே தாமதம் என்று பார்க்க, கோடில் அங்கங்கே டைம்.டைம் (கணினிக் கடிகார நேரத்தைத் தரும் ஃபங்ஷன்) போட்டுக் கழித்தால் ஒரு தடவை மைனஸில் வந்தது.

வடசேரி அண்ணாச்சி:
தம்பி, கணினி இணையத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்தும்போது அந்தக் கணக்கு பின்னால் போகும். டைம்.பெர்ஃப்_கவுண்டர் போடுங்கள்; பைத்தான் 3.3 முதல் இருக்கிறது, பின்னால் போகாது. ஆனால் கையால் நேரம் எடுப்பதே வீண் என்பேன். சந்தேகப்படும் இடத்தில்தானே வைப்பீர்கள்? பைத்தானோடு வரும் புரொஃபைலரான சி-புரொஃபைல் ஓட்டினால் எந்த ஃபங்ஷன் எத்தனை முறை, எவ்வளவு நேரம் என்று எல்லாம் வந்துவிடும்.

குளச்சல்காரன்:
ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணாச்சி. ஒவ்வொரு அழைப்பையும் அது குறித்து வைப்பதால் வேகம் குறையும். சின்ன ஃபங்ஷன்கள் உள்ளதைவிடக் கனமாகத் தெரியும். ஆள் வரிசையில் நிற்கும் கடையில் அதை ஓட்டுவதா? விவசாயியின் பழைய பாக்கி எடுப்பது, கமிஷன் கணக்கு, சேமிப்பு, பிரிண்டர் என்று நாலே இடம். ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரத்தை லாகில் (புரோகிராம் எழுதி வைக்கும் பதிவில்) ஒரு வரியாகப் போட்டால் போதும்.

வடசேரி அண்ணாச்சி:
சரி, அப்படியே எடுத்தாலும் குறைந்தபட்ச நேரத்தைப் பாருங்கள். மற்ற புரோகிராம்கள் குறுக்கிட்டால் நேரம் கூடுமே தவிர குறையாது.

குளச்சல்காரன்:
இரண்டு விதமாக எழுதிய கோடை ஒப்பிட அது சரி. இங்கே பூ வாடுகிறது. அந்த விவசாயி காத்து நின்றது ஆறு விநாடி. அதைத்தான் பார்க்க வேண்டும்.

தோவாளைத் தம்பி:
இன்று காலை லாக்: பாக்கி எடுக்க மட்டும் ஐந்தரை விநாடி. மற்ற மூன்றும் சேர்ந்து அரை விநாடிக்குள். அப்புறம் கடை டேட்டாவின் நகலை வீட்டில் வைத்து சி-புரொஃபைல் ஓட்டினேன். டேட்டாபேஸுக்குக் குவெரி (தகவல் கேட்கும் கட்டளை) அனுப்பும் எக்ஸிக்யூட் 412 முறை! பழைய சீட்டு ஒவ்வொன்றுக்கும் லூப்புக்குள் ஒரு குவெரி எழுதியிருக்கிறேன். கடையில் டேட்டாபேஸ் வேறு கணினியில்; ஒவ்வொரு குவெரியும் வைஃபை வழியாகப் போய் வர வேண்டும். என் சோதனை டேட்டாவில் மூன்றே சீட்டு.

வடசேரி அண்ணாச்சி:
412 என்று காட்டியது புரொஃபைலர்தான். மொத்தப் பாக்கியை ஒரே குவெரியில் கூட்டி எடுங்கள். அந்த நாலு கடிகாரத்தையும் கழற்றிவிடலாம்.

குளச்சல்காரன்:
கழற்றாதே தம்பி. நாலு வரிக்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. ஓணத்துக்குக் கேரளா வியாபாரிகள் வந்து குவியும்போது அந்த லாக் வேண்டும்.